கை வைக்கும் முன்பே தடுக்கும் சைக்கிள் எது?

கீழே இறங்கி வந்தபோது கம்பத்தில் பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டின் தலைப்பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. சாவித் துவாரத்தை யாரும் தொடவே இல்லை. அதிலிருந்து கிளம்பும் எஃகுக் கயிறுதான் நடுவில் அறுபட்டு, இழை இழையாகப் பிரிந்து, தேய்ந்த துடைப்பத்தின் நுனிபோல் விரிந்து கிடந்தது. அந்த இழைகளை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஏழு ஆண்டுகள் ஓட்டிய வண்டி அது.

மிச்சம் கிடந்த கயிற்றைப் பிறகு ஒரு பட்டறையில் வைத்து நானே போல்ட் கட்டரால் வெட்டிப் பார்த்தேன். இரண்டே அழுத்தில் துண்டாகிவிட்டது. மூச்சை இழுத்து விடுவதற்குள் அறுந்துபோகும் ஒரு பொருளைத்தான் ஏழு ஆண்டுகளாகப் பாதுகாப்பு என்று நம்பியிருக்கிறேன்.

புதிய வண்டி வாங்கியாக வேண்டும். இந்த முறை நிறத்தையும் கியரையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடினேன். திருட்டைத் தடுக்கும் வேலையில் எவ்வளவு பங்கை வண்டியின் அமைப்பே ஏற்றுக்கொள்ள முடியும்? ஃப்ரேமே பூட்டாக மாறும் வண்டி, சக்கரத்திலேயே பூட்டுப் பொருத்திய வண்டி, பாகங்களை எளிதில் கழற்ற முடியாத வண்டி, தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லும் மின்சைக்கிள், மடித்து உள்ளே எடுத்துச் செல்லும் வண்டி, எந்தச் சிறப்பும் இல்லாத சாதாரண வண்டியோடு ஒரு கனமான பூட்டு என்று பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

திருடனின் கண்ணுக்குத் தெரிவது

எந்தப் பொருள்கள் அதிகம் திருடுபோகின்றன என்று ஆராய்ந்த குற்றவியல் அறிஞர் ரொனால்ட் கிளார்க் 1999-ல் ஆறு குணங்களைச் சொன்னார். மறைக்க எளிதாக இருக்க வேண்டும், எடுத்துச் செல்ல எளிதாக இருக்க வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மதிப்பு இருக்க வேண்டும், அனுபவிக்க நன்றாக இருக்க வேண்டும், விற்றுத் தள்ள முடிய வேண்டும். சைக்கிளுக்கு இந்த ஆறும் பொருந்துகின்றன. மறைப்பதற்கு அது பெரிய பொருளாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் தெருவில் சைக்கிள் ஓட்டிப்போகிறவனை யார் நிறுத்திக் கேட்கிறார்கள்? தொலைக்காட்சிப் பெட்டியைத் திருடியவன் அதைச் சுமந்து செல்ல வேண்டும். சைக்கிளோ தன்னைத் திருடியவனையே சுமந்துகொண்டு போகிறது.

திருடர்களும் ஒரே வகை இல்லை. பூட்டாமல் நிற்கும் வண்டியில் ஏறிப் போகிறவன் ஒருவன். கையில் குறடோ போல்ட் கட்டரோ வைத்துக்கொண்டு மெல்லிய பூட்டுகளைத் தேடுகிறவன் இன்னொருவன். முழு வண்டியை விட்டுவிட்டுச் சக்கரம், சீட், விளக்கு என்று கழற்றிப் போகிறவன் மூன்றாமவன். மின்கலத்தில் ஓடும், சுழலும் தட்டால் இரும்பை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரோடு வருகிறவன் நான்காமவன். வடிவமைப்பைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள் இந்த நால்வரையும் ஒரே ஆளாக்கிவிடுகின்றன. வாங்குகிறவர் ஏமாறுவது அங்கேதான்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எளிய பரிசோதனை நடந்தது. வளாகத்தில் 3 சைக்கிள் நிறுத்துமிடங்களில், உற்றுப் பார்க்கும் இரண்டு கண்களின் படமும் ‘சைக்கிள் திருடர்களே, உங்களைக் கவனிக்கிறோம்’ என்ற வாசகமும் கொண்ட பலகைகளை வைத்தார்கள். அடுத்த ஓராண்டில் அந்த இடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது. பலகை வைக்காத இடங்களில் 65 சதவீதம் கூடியது. அதாவது, திருடன் மனம் மாறவில்லை, இடத்தைத்தான் மாற்றிக்கொண்டான். பூட்டையோ வண்டியையோ தொடாமல், அவன் கண்ணில் பட்ட ஒரு படமே இதைச் செய்திருக்கிறது.

எனக்கு இது முக்கியமான பாடமாகப் படுகிறது. தடுப்பு என்பது திருடன் வேலையைத் தொடங்குவதற்கு முன் அவன் மனத்தில் நடக்க வேண்டிய ஒன்று. வெட்டத் தொடங்கிய பிறகு தெரியவரும் பாதுகாப்பு, உடைமையாளருக்குப் பாதி நஷ்டத்தையாவது கொடுத்துவிட்டுத்தான் போகும். இனி வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்க்கிறேன்: கை வைப்பதற்கு முன் அவனுக்கு இது தெரியுமா?

ஃப்ரேமே பூட்டாகும்போது

2014-ல் சிலி நாட்டுப் பொறியியல் மாணவர்கள் மூவர் ‘யெர்கா’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து பெடல் வரை சாய்ந்து இறங்குமே, அந்தக் குழாய் நடுவில் பிரிந்து இரண்டு கைகளாகத் திறக்கிறது. அந்தக் கைகளால் கம்பத்தை அணைத்து, சீட்டைத் தாங்கும் கம்பியை உருவி, இரு கைகளின் முனைகளிலும் குறுக்காகச் செருகிப் பூட்டிவிடலாம். பூட்டை அறுக்க வேண்டுமானால் ஃப்ரேமை அறுக்க வேண்டும். அறுத்த ஃப்ரேமை ஓட்ட முடியாது. ‘திருட முடியாத சைக்கிள்’ என்றே அதற்குப் பெயர் பரவியது.

இந்தச் சிந்தனை அதற்கும் முன்பே வந்துவிட்டது. டென்மார்க்கின் ‘பயோமெகா’ நிறுவனம், அதே சாய்ந்த குழாயை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இறுக்கிக் கட்டிய எஃகுக் கயிற்றை வைத்து வண்டி செய்தது. ‘பூமா’ நிறுவனத்தின் பெயரிலும் அது விற்பனைக்கு வந்தது. நிறுத்தும்போது கயிற்றைக் கழற்றிக் கம்பத்தைச் சுற்றிப் பூட்ட வேண்டும். கயிற்றை யாராவது அறுத்தால் ஃப்ரேமைத் தாங்கும் இழுவிசை போய்விடும், வண்டி ஓடாது.

முதல்முறை இந்தப் படங்களைப் பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பூட்டைத் தனியாகச் சுமக்க வேண்டாம், வீட்டில் மறந்துவிட்டு வரவும் முடியாது. திருடனுக்குக் கிடைப்பது உடைந்த இரும்பு மட்டுமே. பொறியாளர்களின் மனம் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது!

ஆனால் என் கேள்வியை வைத்ததும் கைதட்டல் நின்றுவிட்டது. பயோமெகா வண்டியில் திருடன் கண்ணில் படுவது ஓர் எஃகுக் கயிறு. என் பழைய பூட்டில் இருந்தது போன்ற கயிறு. அதை அறுத்தால் வண்டி ஓடாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அறுத்த பிறகுதான் தெரியும். அவன் வண்டியை வீசிவிட்டுப் போவான். காலையில் வரும் எனக்குக் கிடைப்பது ஓட்ட முடியாத ஃப்ரேம். சாதாரண வண்டியாக இருந்தால் அரைகுறையாக வெட்டிவிட்டு ஓடிய திருடனால் எனக்கு ஒரு பூட்டுதான் நஷ்டம். இதில் அரைகுறை முயற்சிக்கே முழு வண்டியும் பலி. பூட்டு உடைபடலாம், வண்டி உடைபடக் கூடாது என்ற எளிய நியாயத்தை இந்த அமைப்பு தலைகீழாக்கிவிடுகிறது.

ஊரில் பாதிப் பேர் இத்தகைய வண்டி ஓட்டினால் கதை வேறு. அப்போது திருடர் உலகத்துக்கே அது தெரிந்திருக்கும், யாரும் கிட்ட வரமாட்டார்கள். ஓர் ஊரில் பத்துப் பேர் ஓட்டும் வரை, அந்தப் பத்துப் பேரும் திருடர்களுக்குப் பாடம் நடத்தும் செலவைத் தாங்க வேண்டியிருக்கும். அதோடு சக்கரங்களைக் கழற்றிப் போகிறவனை இந்த ஃப்ரேம் ஒன்றும் செய்வதில்லை. கம்பத்தின் பருமன் கைகளுக்குள் அடங்காவிட்டால் பூட்டவே முடியாது. பூட்டின் உள்பகுதி துருப்பிடித்தால் மாற்ற வேண்டியது ஃப்ரேமின் ஒரு பகுதியை. மனமாரப் பாராட்டிவிட்டு, இதைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

சக்கரத்தில் உட்காரும் பூட்டு

நெதர்லாந்தில் தினசரி ஓட்டும் சைக்கிள்களில் பின்சக்கரத்துக்கு மேலே லாடம்போல் ஒரு பூட்டு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பிச் சிறு பிடியைக் கீழே தள்ளினால், எஃகு வளையம் ஆரக்கம்பிகளுக்கு நடுவே நழுவிச் சென்று மறுபக்கத் துளையில் ‘டக்’கென்று உட்காரும். மூன்று விநாடி வேலை. பூட்டு திறந்திருக்கும் வரை சாவியை உருவ முடியாதபடி பல பூட்டுகள் செய்யப்பட்டிருக்கின்றன. சாவி கைக்கு வந்துவிட்டால் வண்டி பூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். மறதிக்கு இவ்வளவு எளிமையாக மருந்து கண்டவரை வணங்கத் தோன்றுகிறது.

பூட்டாமல் நிற்கும் வண்டியில் ஏறிப் போகிறவனை இது முற்றிலும் நிறுத்திவிடும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று வாசலில் விட்டுப் போகும் வண்டிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தூக்கிக்கொண்டு போகிறவனை மட்டும் இது நிறுத்தாது. நெதர்லாந்து வண்டிகள் பெரும்பாலும் கனமானவை என்பதால் அங்கே அதுவும் கொஞ்சம் கஷ்டம். இலேசான வண்டியாக இருந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். அதற்காகவே சில வளையப் பூட்டுகளின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கிறது. ஒரு சங்கிலியைக் கம்பத்தில் சுற்றி அதன் முனையை அந்தத் துளையில் செருகினால், ஒரே சாவியில் சக்கரமும் கம்பமும் கட்டுப்பட்டுவிடும்.

ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் இன்னொரு படி மேலே போனது. பின்சக்கரத்தைப் பூட்டினால் ஹேண்டில்பாரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். திரும்பாத ஹேண்டில்பாரோடு வண்டியை உருட்டவும் முடியாது, தூக்கிப்போவதும் தொல்லை. கார்களில் ஸ்டியரிங் பூட்டு செய்யும் அதே வேலை. தினமும் பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இத்தகைய வண்டிகளை வாங்கினார்கள்.

2019-ல் பிரிட்ஜ்ஸ்டோனும் யமஹாவும் சேர்ந்து இந்தப் பூட்டு பொருத்திய ஏறத்தாழ 34 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிவந்தது. ஹேண்டில் பூட்டின் உறை உடைந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டு விழுந்து ஹேண்டில் திரும்பாமல் நின்றுவிடும் அபாயம் இருந்தது. விழுந்து பலத்த காயம் அடைந்தவர்களும் உண்டு.

வண்டிக்குள் பூட்டை வைக்க நினைக்கும் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் இந்த நிகழ்வைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தனியாகத் தொங்கும் பூட்டு கெட்டால் வண்டி பூட்டாமல் நிற்கும், அவ்வளவுதான். ஓட்டத்துக்குத் தேவையான உறுப்புக்குள் பூட்டை வைத்தால், அது கெடும் நாளில் ஓட்டுகிறவர் சாலையில் இருப்பார். பின்சக்கர வளையப் பூட்டில் இந்த அபாயம் குறைவு. அதைக் கீழே தள்ள ஒரு கை வேண்டும், ஸ்பிரிங் அதை எப்போதும் மேலேயே இழுத்துக்கொண்டிருக்கும். ஹேண்டில் பூட்டை வேண்டாம் என்றும் வளையப் பூட்டைக் கட்டாயம் வேண்டும் என்றும் இங்கே முடிவு செய்தேன்.

கழற்ற முடியாத பாகங்கள்

நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும் ‘குயிக் ரிலீஸ்’ அச்சு இத்தாலியின் டுல்லியோ கம்பக்னோலோ கொடுத்த கொடை. குளிரில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் ஒரு பந்தயத்தைக் கோட்டைவிட்டவர் அவர். பந்தயக்காரருக்கு அது வரம். நகரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய சாபம் வேறில்லை. வீரருக்காகச் சேமித்த விநாடிகள் அத்தனையும் திருடனுக்குப் போய்ச் சேர்கின்றன. அன்றாடம் பயன்படுத்தும் வண்டிகளிலும் இதை ஏன் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாதத்தில் எத்தனை முறை சக்கரத்தைக் கழற்றுகிறோம்?

மாற்று வழிகள் உண்டு. சாதாரண நட்டும் போல்ட்டுமே முதல் படி: ஸ்பேனர் இல்லாதவன் விலகிப்போவான். ஜெர்மனியின் ‘பிட்லாக்’ போன்ற அச்சுகளில் நட்டின் தலை தனி வடிவத்தில் இருக்கும், அதற்குரிய சாவி இல்லாமல் திருப்ப முடியாது. ‘ஹெக்ஸ்லாக்ஸ்’ இன்னும் எளிமை. ஏற்கெனவே இருக்கும் அறுகோணக் குழி போல்ட்டுக்குள் ஒரு சிறு துண்டைப் போட்டால் அது காந்தத்தால் ஒட்டிக்கொண்டு குழியை அடைத்துவிடும். சீட்டின் போல்ட்டுக்கும் போடலாம். இவற்றை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் பாகம் திருடுகிறவன் நின்று பார்க்கும் இடமே அந்த போல்ட்தான். குழி அடைபட்டிருப்பது முதல் பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். இதற்கு ஒரே விலை, அந்தச் சிறப்புச் சாவியைத் தொலைக்காமல் இருப்பது. வழியில் டயர் பஞ்சராகி, சாவி வீட்டு மேஜையில் இருந்தால் வண்டியை உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

பொதுச் சைக்கிள் திட்டங்கள் இதே யோசனையை எல்லை வரை கொண்டுபோயிருக்கின்றன. 1995-ல் கோபன்ஹேகன் நகரம் 20 குரோனர் நாணயம் போட்டு எடுக்கும் சைக்கிள்களைத் தெருவில் வைத்தபோது, அவற்றின் பாகங்கள் வேறெந்த வண்டிக்கும் பொருந்தாதபடி செய்யப்பட்டன. 2016-ல் ஷாங்காயில் தொடங்கிய ‘மொபைக்’ தன் முதல் வண்டிகளில் செயினையே எடுத்துவிட்டது. காற்றடிக்கத் தேவையில்லாத டயர், செயினுக்குப் பதில் சுழலும் தண்டு என்று அந்த வண்டி பார்த்தவுடனே வேறு ஜாதி. வெளியே விற்றால் யார் வாங்குவார்கள்? பார்த்தவுடனே தெரியும் தடுப்பு என்ற என் அளவுகோலில் இது முதல் இடம் பெறுகிறது. சொந்தமாக வாங்குகிறவருக்கு மட்டும் இது ஒத்துவராது. உடைந்த ஒரு பாகத்துக்காக ஒரே நிறுவனத்தின் வாசலில் காத்திருக்க நேரிடும். பராமரிக்க ஊழியர் படை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பலமாக இருப்பது தனி மனிதருக்குச் சுமையாகிவிடுகிறது.

தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் வண்டி

மின்சைக்கிள் வந்த பிறகு மின்னணுப் பாதுகாப்பு இயல்பாகவே கூட வந்தது. ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் தொடங்கிய ‘வேன்மூஃப்’ இதில் எல்லோரையும்விடத் துணிந்து போனது. பின்சக்கரத்தின் அருகில் இருக்கும் சிறு பொத்தானைக் காலால் தட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உரியவரின் செல்பேசி அருகில் வந்தால் திறக்கும். யாராவது அசைத்தால் வண்டி உறுமும். மீறித் தூக்கிப்போனால் இருப்பிடத்தை அனுப்பும், கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்க நிறுவனமே ஆட்களையும் வைத்திருந்தது. நகரத்தில் இந்த வண்டி எல்லோருக்கும் அடையாளம் தெரியும் என்பதால், கை வைப்பதற்கு முன்பே இதன் குணம் திருடனுக்குத் தெரியும். யெர்காவுக்குக் கிடைக்காத புகழ் இதற்குக் கிடைத்தது.

2023 ஜூலையில் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. நிறுவனத்தின் சர்வர்கள் நின்றுவிட்டால் தங்கள் சொந்த வண்டியையே முழுமையாகப் பயன்படுத்த முடியாதே என்று உரிமையாளர்கள் தவித்தார்கள். பெல்ஜியத்தின் போட்டி நிறுவனமான ‘கௌபாய்’, அவர்களுடைய டிஜிட்டல் சாவியை எடுத்துச் செல்பேசியில் சேமித்துக்கொள்ள ஒரு செயலியை அவசரமாக வெளியிட்டது. பிறகு வேறொரு நிறுவனம் வேன்மூஃபை வாங்கியது. காசு கொடுத்து வாங்கிய வண்டியின் சாவி, இன்னொருவரின் கணினியில் இருக்கிறது என்பதை அந்த வாரங்களில்தான் பலர் உணர்ந்தார்கள். திருடனிடமிருந்து காப்பாற்றிய அதே பூட்டு உடைமையாளரையும் வெளியே நிறுத்தும் நிலை வந்தால் அதை நான் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். மின்சைக்கிள் வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இணையமும் செயலியும் இல்லாத நாளில், வெறும் சாவியைக் கொண்டு இந்த வண்டியைத் திறந்து ஓட்ட முடியுமா?

சாதாரண வண்டிக்கும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தலாம். ஆப்பிள் 2021-ல் கொண்டுவந்த ‘ஏர்டேக்’ வில்லையை மணிக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் ஒளித்து வைக்க வசதியாக உறைகள் விற்கிறார்கள். ஒளித்து வைத்த கருவி திருட்டைத் தடுப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அது திருட்டுக்குப் பிறகு தேட உதவும். அதிலும் ஒரு சிக்கல். ஆட்களை ரகசியமாகப் பின்தொடர இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, வேறொருவரின் வில்லை தன்னோடு பயணித்தால் ஐஃபோன் எச்சரிக்கும். மனிதர்களின் பாதுகாப்புக்கு அது மிகவும் அவசியமான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எச்சரிக்கை திருடனுக்கும் போகும். இருப்பிடம் தெரிந்தாலும் தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். போலீசோடு போங்கள்.

மடிப்பது, அழுக்காக்குவது

மடிக்கும் சைக்கிள் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஏனென்றால் அது பிரச்சினையையே விட்டு விலகிவிடுகிறது. ஆண்ட்ரூ ரிச்சி 1970-களில் லண்டனில் உருவாக்கிய ‘பிராம்ப்டன்’ வகை வண்டியை மடித்தால் மேஜைக்கு அடியில் வைத்துவிடலாம். தெருவில் நிற்காத வண்டியைத் தெருத் திருடன் எடுக்க முடியாது. சிறிய சக்கரம், கூடுதல் விலை, மாடிப்படியில் சுமக்கும் பாரம் ஆகிய மூன்றையும் ஏற்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ரயிலில் ஏறி இறங்குகிறவர்கள் மேலே படிக்காமலே இதை வாங்கலாம். வெளியே பூட்டி வைக்கும் நாள் வந்தால் மட்டும் கவனம். மடித்து எடுக்க எளிதானது எல்லோருக்கும் எளிதானதுதான்.

வேண்டுமென்றே வண்டியை அசிங்கமாக்கும் வழக்கமும் உண்டு. பெயரை மறைத்துக் கறுப்பு நாடா சுற்றுவார்கள், சீட்டைக் கிழித்து ஒட்டுவார்கள். என் அளவுகோலில் இது நல்ல மதிப்பெண் பெறும், கண்ணுக்குத் தெரியும் தடுப்பு அல்லவா! இருந்தாலும் ஓட்ட மட்டும் ஒரு வண்டி கிடைத்தால் போதும் என்கிறவனுக்கு நாடா ஒரு பொருட்டில்லை. விலை உயர்ந்த பாகங்களை அடையாளம் காணும் கண்ணுக்கு, நாடாவுக்கு அடியில் இருப்பதும் தெரியும். தவிர, தினமும் ஆசையாகத் தொடும் பொருளை நானே கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாதாரண வண்டியும் நல்ல பூட்டும்

இவ்வளவு சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிறேன். தனியான, கனமான, யு வடிவ எஃகுப் பூட்டு. 1970-களில் அமெரிக்காவில் ‘கிரிப்டனைட்’ நிறுவனம் இதைப் பரவலாக்கியது. இதற்கும் சரிவு வந்திருக்கிறது. 2004-ல், குழாய் வடிவச் சாவி போடும் யு பூட்டுகளை ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் திருப்பியே திறக்கலாம் என்று தெரியவந்தது. அந்த நிறுவனம் பூட்டுகளை மாற்றிக்கொடுக்க வேண்டிவந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பூட்டில் குறை வந்தபோது மாறியது பூட்டு மட்டும்தான். வண்டிகள் அப்படியே ஓடின. பூட்டும் வண்டியும் தனித்தனியாக இருப்பதன் பெரிய லாபம் இது.

இப்போதைய எதிரி ஆங்கிள் கிரைண்டர். தடித்த எஃகையும் அது ஒரு நிமிடத்துக்குள் அறுத்துவிடும். அதற்கும் பதில் வந்துகொண்டிருக்கிறது. 2020-ல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் ‘புரோட்டியஸ்’ என்ற பொருளைப் பற்றி எழுதின. நுரை போன்ற அலுமினியத்துக்குள் பீங்கான் உருண்டைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அறுக்கும் தட்டு பீங்கானில் மோதியதும் அதிர்வு எழுந்து தட்டையே மழுக்கிவிடும். அடர்த்தி எஃகில் 15 சதவீதம்தான். கடைகளில் இன்று கிடைக்கும் கிரைண்டர் தாங்கும் பூட்டுகள் வேறு கலவைகளைப் பயன்படுத்தினாலும் கொள்கை ஒன்றே: எதிரியின் ஆயுதத்தைத் தேய்த்துத் தீர்ப்பது. அவை கனமானவை, விலையும் அதிகம். விலை உயர்ந்த வண்டியை இரவு முழுவதும் தெருவில் விடுகிறவருக்கு அவற்றைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் வண்டியின் வடிவமைப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நல்ல பூட்டுக்கு இடம் கொடுக்கும்படி ஃப்ரேம் இருக்க வேண்டும். மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொன்ன முறை இதற்கு நல்ல உதாரணம். பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஃப்ரேமில் ஒரு முக்கோணம் இருக்கிறது அல்லவா? அந்த முக்கோணத்துக்குள் ரிம்மையும் கம்பத்தையும் சேர்த்துச் சின்ன யு பூட்டால் பூட்டினால் போதும். ஃப்ரேமைச் சுற்றாவிட்டாலும், பூட்டிய சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வர முடியாததால் வண்டி முழுவதும் கட்டுப்பட்டுவிடும். ஆரக்கம்பிகளின் இழுவையால் ரிம் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினால் வெட்டுவாய் இறுகி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். பூட்டு சின்னதாக இருப்பதும் ஒரு பலம்: உள்ளே இடைவெளி இல்லாவிட்டால் கடப்பாரையையோ ஜாக்கியையோ நுழைத்து நெம்ப முடியாது.

கடையில் வண்டியைப் பார்க்கும்போது பூட்டையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். காற்றைக் கிழிக்க வேண்டும் என்று பட்டையாகச் செய்த குழாய்களில் சின்னப் பூட்டு சுற்றாது. பின்முக்கோணத்தை மண்காப்பும் கேரியரும் பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்தால் பூட்டு நுழையாது. பூட்டைத் தாங்கும் கொக்கி ஃப்ரேமிலேயே இல்லாவிட்டால், கனமான பூட்டு ஒரு வாரத்தில் வீட்டிலேயே தங்கிவிடும். இவ்வளவு சிறிய விஷயங்களை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

என் முடிவும், உங்களுக்கானதும்

பகலில் ஓரிரு மணி நேரம் நிறுத்துகிறவர்களுக்கு: மெல்லிய குழாய்களுடைய சாதாரண ஃப்ரேம், நட்டுப் போட்ட அச்சுகள், பின்சக்கர வளையப் பூட்டு, சின்ன யு பூட்டு. நான் வாங்கியது இதைத்தான். பாகங்கள் திருடுபோகும் இடமாக இருந்தால் சீட்டுக்கும் முன்சக்கரத்துக்கும் சிறப்புச் சாவி போல்ட். மின்சைக்கிள் வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் மின்னணுப் பூட்டை முதல் வேலியாக மட்டும் வைத்துக்கொண்டு, மின்கலத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்று, கிரைண்டர் தாங்கும் பூட்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். ஃப்ரேமே பூட்டாகும் வண்டியை, வாசலில் காவல் இருக்கும் இடத்தில் நிறுத்துகிறவர் ஆசைக்கு வாங்கலாம்.

எந்த வண்டியானாலும் ஒன்று பொது. திருடிய வண்டியை விற்க முடியாமல் செய்வதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது சட்டக் கடமை. பிரான்சில் 2021 ஜனவரி முதல் கடைகளில் விற்கும் புதிய சைக்கிள்களில் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணில் படும் இடத்தில் பொறித்த எண்ணைப் பார்த்தாலே திருட்டு வண்டி வாங்குகிறவன் விலை பேசத் தயங்குவான். ஆனால் நம் கைக்கு வரும் பெரும்பாலான வண்டிகளில் ஃப்ரேம் எண் பெடல் அச்சுக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் ஒளிந்திருக்கிறது. சீட்டுக்குக் கீழே நேராகத் தெரியும்படி அதைப் பெரிதாகப் பொறித்தால் தயாரிப்பவருக்கு என்ன குறைந்துவிடும்?

என் பழைய வண்டி போன அன்று புகார் எழுதியவர் முதலில் கேட்டது அந்த எண்ணைத்தான். என்னிடம் பதில் இல்லை. புதிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதைத் தலைகீழாக நிறுத்தி, எண்ணின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டேன்.